மலைக்கள்ளன் கையில் எதற்கு மிஷின் துப்பாக்கி?

என் தம்பி மகன் சென்னையில் எட்டு வருஷமாக உதவி இயக்குநராக இருக்கிறான். இந்த ஆனியில் சாரல் பிடித்த மூன்றாம் நாள், தோளில் ஒரு பையும் கையில் லேப்டாப்புமாகத் தென்காசி வந்து இறங்கினான். அருவியில் குளிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து எண்ணெய் காய்ச்சப் போனேன்.

"எண்ணெய் கெடக்கட்டும் யத்த. இங்கன வந்து உக்காரு, ஒரு கதை சொல்லுதேன். எனக்கு டைரக்‌ஷன் சான்ஸ் வந்துருக்கு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்ன கதைல?" என்றேன்.

"மலைக்கள்ளன். ஆனா இந்தக் காலத்துக்கு மாத்தியிருக்கேன். நம்ம குத்தாலத்துலதான் நடக்கு."

மலைக்கள்ளன் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு ஆற்றுமணல் வாசம் அடித்தது. 1970 வாக்கில், ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்ட டூரிங் டாக்கீஸில், அப்பா தோளில் கிடந்த துண்டை மணலில் விரித்து என்னையும் தம்பியையும் உட்கார வைத்துக் காட்டிய படம் அது. ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிடுவார்கள். முறுக்கும் கலர் சோடாவும் வரும். அந்த இடைவெளியில் அப்பா எங்களிடம் கேட்பார்: "இப்ப கள்ளன் யாருன்னு கண்டுபிடிச்சியளா?" தம்பி, குமாரவீரன்தான் என்பான். நான் அப்துல் ரகீம்தான் என்று சண்டை போடுவேன். அடுத்த ரீல் ஓடும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். ஒரே எம்.ஜி.ஆர்., ஆனால் வேஷத்துக்கு ஒரு நடை, வேஷத்துக்கு ஒரு பேச்சு. பின்னாலேயே ஓடி ஏமாறுகிற போலீஸ்காரராக டி.எஸ்.துரைராஜ். பானுமதியின் கண்ணில் பயம் போய் மதிப்பு வருகிற அழகு! அம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதெல்லாம் அப்படியே இருக்கிறது.

சரி, சொல்லு மக்கா என்று உட்கார்ந்தேன். கை சும்மா இருக்க வேண்டாமே என்று சுளகில் உளுந்தைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டேன்.

முதல் காட்சி. மழை. ஒரு எஸ்டேட் பங்களா. கதாநாயகன் முதுகைக் காட்டி நிற்கிறான். சுற்றிலும் ஆட்கள். அவன் திரும்புகிறான். கையில் மிஷின் துப்பாக்கி. 17 பேர் சாகிறார்கள்.

கேட்டதும் எனக்குக் கை நின்றுவிட்டது. ஒரு செத்த ஆளுக்கு ஒரு உளுந்து என்று சுளகின் ஓரத்தில் ஒதுக்க ஆரம்பித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை அதுபாட்டுக்குச் செய்தது. பிள்ளை ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். லாரி வெடிக்கிறது. பாலத்தில் சண்டை. பழைய குற்றாலத்தில் அரிவாள். இடைவேளை வந்தபோது ஓரத்தில் 43 உளுந்து கிடந்தது.

"எப்படி இருக்கு யத்த?"

"களவாண்ட பணம் யாருக்குல போச்சு?" என்று கேட்டேன்.

பிள்ளை முழித்தான். லேப்டாப்பில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "அது செகண்ட் ஹாஃப்ல ஒரு பாட்டுல வருது யத்த. மான்டாஜ்" என்றான்.

இதுதான் என் வயிற்றெரிச்சல். 43 பேரைக் கொல்ல நேரம் இருக்கிறது. ஒரே ஒரு கிழவிக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய்க் கொடுக்க நேரம் இல்லை. அதைப் பாட்டுக்குள் ஒளித்து வைத்தாயிற்று. அப்புறம் அவன் என்ன மலைக்கள்ளன்? மலையில் இருக்கிற கொலைகாரன் என்று பேர் வைத்துவிட்டுப் போகலாமே!

மலைக்கள்ளனை எழுதியது யார் என்று அவனிடம் கேட்டேன். கலைஞர் என்றான். படத்துக்கு வசனம் எழுதியது மு.கருணாநிதி, சரி. நாவலை எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ.ராமலிங்கம் பிள்ளை. 1930இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, ஆயுதம் தொடாத போருக்கு வாருங்கள் என்று வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்த மனுஷர். காந்தி வழியில் ஜெயிலுக்குப் போனவர். அந்தக் கை எழுதிய கள்ளன் இவன்! அவன் ஆயுதம் வேஷமும் மதியும்தான். எதிராளி எங்கே நிற்பான், எதை நம்புவான், யாரைக் கண்டால் கும்பிடுவான் என்று தெரிந்துவைத்திருப்பவன். அடிதடி தெரியாதவன் இல்லை, அதுவும் உண்டு. ஆனால் அதை நம்பி அவன் பிழைக்கவில்லை. அவன் கையில் மிஷின் துப்பாக்கியைக் கொடுத்தால் அவன் புத்தியைப் பிடுங்கிக்கொண்டோம் என்று அர்த்தம். சுட்டுத் தள்ளுகிறவனுக்கு வேஷம் எதற்கு? யோசனை எதற்கு? வாசல் வழியாகவே போகலாமே.

"அந்தக் காலம் வேற யத்த. இப்ப பான் இந்தியா. எல்லா மொழியிலயும் ஓடணும்" என்றான்.

அந்தக் காலம் வேறாம். 1954 ஜூலையில் கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவில் இருந்து ஸ்ரீராமுலு நாயுடு எடுத்து வெளியிட்ட படம் அது. அதே வருஷம் தெலுங்கில் என்.டி.ராமாராவை வைத்து அக்கி ராமுடு. மறு வருஷம் இந்தியில் திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்த ஆசாத். 1957இல் கன்னடத்தில் பெட்டத கள்ள, மலையாளத்தில் சத்யன் நடித்த தஸ்கரவீரன், இலங்கையில் சிங்களத்தில் சுரசேன. ஆறு மொழி! நாலே வருஷத்துக்குள்! தமிழுக்குக் கிடைத்த குடியரசுத் தலைவர் வெள்ளிப் பதக்கம் வேறு. இந்திக்காரனுக்கும் கொழும்புக்காரனுக்கும் புரிந்தது என்ன? பணக்காரன் ஏமாறுகிறான், ஏழை சிரிக்கிறான், போலீஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டு கோட்டை விடுகிறது. இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். இதை விட்டுவிட்டு, எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வெடிக்கிற வெடியைத்தான் எல்லா மொழிக்கும் பொது என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நான் மாற்றவே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவன் உடனே "நீங்க பழசையே புடிச்சுக்கிட்டு இருப்பிய" என்று சொல்லிவிட்டான். எங்கள் வீட்டு மச்சில் ஏறி நின்றால் காசிவிசுவநாதர் கோயில் ராஜகோபுரம் தெரியும். அவனைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். சாரல் முகத்தில் அடித்தது. "அதைப் பாருல. நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது அது மொட்டைக் கோபுரம்" என்றேன்.

பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். கோபுரத்தின் மேல் நிலைகள் போய், தலையில்லாமல் தலைமுறை தலைமுறையாக நின்றது. சின்ன வயதில் அந்த மொட்டையைப் பார்த்தே பழகியதால், கோபுரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். 1990இல் ஒன்பது நிலையாக, ஏறக்குறைய 180 அடிக்கு எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்தார்கள். அன்றைக்குத் தெருவே அழுதது. மேலே இருப்பதெல்லாம் புதுசு, நம் காலத்து வேலை. ஆனால் கீழே அந்தப் பழைய கல்லின் மேல்தான் நிற்கிறது. வாசலில் நுழையும்போது காற்று இன்றைக்கும் பழையபடி முதுகில் கைவைத்து உள்ளே தள்ளுகிறது. பராக்கிரம பாண்டியனே கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பின்னால் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து அதைச் சரிசெய்கிறவர் யாராக இருந்தாலும் அவர் காலில் விழுந்து வணங்குவேன் என்று. ராஜா சொல்கிறான்! பழசைப் புதுப்பிக்கிறவன் காலில் விழ எனக்கு மட்டும் என்ன? மலைக்கள்ளனுக்குத் திருப்பணி செய்தால் நானும் விழுவேன். இவர்கள் அடிக்கல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் பேரை மட்டும் போர்டில் எழுதுகிறார்கள். அதுதான் ஆறவில்லை.

திருப்பணி நடந்திருக்கிறது, நடக்காமல் இல்லை. 1993இல் ஷங்கரின் ஜென்டில்மேன். பகலில் அப்பளம் போட்டு விற்கிற கிச்சா, ராத்திரியில் கொள்ளைக்காரன். லஞ்சம் கொடுக்க முடியாமல் மருத்துவ சீட்டை இழந்தவன், ஏழைப் பிள்ளைகளுக்குக் காலேஜ் கட்டத் திருடுகிறான். அந்த வருஷம் படித்துவிட்டு சீட் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர்! அதனால்தான் அந்தக் கள்ளன் நெஞ்சில் தைத்தான். அதே ஷங்கர் 2005இல் வந்த அந்நியன் படத்தின் பாட்டுக்காக இங்கே சுந்தரபாண்டியபுரத்துப் பாறைகளில் சினிமா முகங்களை வரைந்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்நியன் பாறை என்றுதான் பேர். சூரியகாந்தி பூக்கிற மாதத்தில் கேரளாவிலிருந்து வண்டி வண்டியாக வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டுக்காரனும் செய்திருக்கிறான். மோரிஸ் லெப்லான் 1905இல் எழுதிய ஆர்சென் லூபின், பிரான்சின் மலைக்கள்ளன் என்றே சொல்லலாம், தொப்பியும் ஒற்றைக் கண்ணாடியும் போட்ட சீமான். 2021இல் அதை லூபின் என்று தொடராக எடுத்தார்கள். கொரோனாவில் ஊர் வந்திருந்தபோது இந்தப் பிள்ளைதான் எனக்குப் போனில் போட்டுக் காட்டினான். அதில் லூபின் சீமானே இல்லை. செனகலில் இருந்து பிழைக்க வந்தவரின் மகன், கறுப்பு நிறத்தவன். செய்யாத திருட்டுப் பழியில் அப்பா போய்விட்டார். அப்பா கொடுத்த லூபின் புத்தகம்தான் அவனுக்கு வேதம். நெக்லஸைத் திருட லூவர் மியூசியத்துக்குள் எப்படிப் போகிறான்? தரை துடைக்கிற ஆளாகப் போகிறான்! தரை துடைக்கிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நம் வீட்டு வாசலில் குப்பை எடுக்க வருகிறவர் முகம் நமக்கு நினைவிருக்கிறதா? ஆளை மாற்றி, நிறத்தை மாற்றி, ஊர்க்கதை மொத்தத்தையும் மாற்றியும் அது லூபின்தான். புத்தியை மாற்றவில்லை. இதை ரசித்து ரசித்து எனக்கு விளக்கிச் சொன்ன பிள்ளைதான் இன்றைக்கு மிஷின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறான்!

"கேப்டன் மில்லர் இங்கனதானே எடுத்தாங்க, மத்தளம்பாறையில. அதுல சுடலையா?" என்று மடக்கினான். சுட்டான், 2024 பொங்கலுக்கு நானும்தான் பார்த்தேன். ஆனால் அவன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து துப்பாக்கி பழகி, அதனாலேயே மனசு உடைந்தவன். அவன் கதை தொடங்குகிற இடமே துப்பாக்கிதான். அவன் அவனாக இருக்கிறான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலைக்கள்ளனை ஏன் அவனாக்க வேண்டும்?

நம் மலையடிவாரத்துக்குக் கள்ளன் கதை ஒன்றும் புதிது இல்லை. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர். காயங்குளம் கொச்சுண்ணி கதை கணவாய் தாண்டி வந்து எங்கள் ஆச்சி வாயில் தமிழாகிவிட்டது. தெற்கே ஜம்புலிங்கம். 1923இல் போலீஸ் சுட்டுக் கொன்றார்கள். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவனைக் காட்டுக்குள் போய்ச் சந்தித்து, பின்னால் இங்கிலீஷில் ஒரு புத்தகமே எழுதினார். ஜம்புலிங்கம் நிஜக் கொள்ளைக்காரன், துப்பாக்கி வைத்திருந்தவன். ஆனால் ஆச்சி எங்களுக்குச் சொன்னதில் துப்பாக்கி வராது. பொம்பளைப் பிள்ளை கழுத்தில் கை வைக்க மாட்டான், பசித்தவன் வீட்டில் கால் வைக்க மாட்டான் என்பதுதான் வரும். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஆச்சியின் ஆசை, எனக்குத் தெரியாது. ஜனங்கள் ஒரு கள்ளனிடம் எதைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். டி.கே.சி. வாழ்ந்த குற்றாலம் இது. அவரைப் பார்க்கக் கல்கி வந்து தங்கிப் போன ஊர். அந்தக் கல்கியும் கள்ளன் கதைதான் எழுதினார், 1937இல் ஆனந்த விகடனில், கள்வனின் காதலி. அதில் வருகிற கள்ளன் முத்தையன் கையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாராவது எண்ணிக்கொண்டா படித்தார்கள்?

அன்றைக்குச் சாயந்திரம் அவனை மெயின் அருவிக்குக் கூட்டிப்போனேன். கதையின் கடைசியில் அருவி உச்சியிலிருந்து கதாநாயகன் கீழே குதிக்கிறான், பின்னால் ராக்கெட் வெடிக்கிறது என்று எழுதியிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "மேலே பாருல. தண்ணி எங்க விழுது?" என்றேன்.

அவன் குற்றாலத்துப் பிள்ளைதான். ஆனால் கவனித்ததே இல்லை. தண்ணீர் உச்சியில் இருந்து நேராக நம் தலைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்று ஒரு பள்ளம். அத்தனை வேகமும் முதலில் அதற்குள் விழுகிறது. அங்கே சுழன்று, பொங்கி, அப்புறம் வழிந்து இறங்குகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் அந்த உயரத்துத் தண்ணீர் ஆளை அடித்தே போட்டுவிடும். அது இருக்கிறதனால்தான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொம்பளைகள் ஓரமாக நின்று தலையைக் காட்டுகிறார்கள். "உன் கள்ளனுக்கு அந்தப் பள்ளம் எங்கல?" என்று கேட்டேன். பிள்ளை பதில் சொல்லவில்லை. அருவியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நானே பேசிக்கொண்டு வந்தேன். இந்தக் காலத்துக்கு மாற்ற வேண்டுமா, விஷயமா இல்லை? கடையம், ஆலங்குளம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள். குழுக்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்தால், அன்றைக்கு அடுப்பு எரியாது. உன் கள்ளன் அந்தக் கடன் நோட்டைத் திருடட்டும். புளியரை வழியாக நம் மலையை ஜல்லியாகவும் மணலாகவும் உடைத்து ஏற்றிக்கொண்டு ராத்திரி பகலாக லாரி போகிறது. ஒரு லாரி காணாமல் போகட்டும், விடிந்து பார்த்தால் அந்த ஜல்லி மழைக்கு ஒழுகுகிற ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் குவிந்து கிடக்கட்டும். இதற்கு எத்தனை யோசனை வேண்டும், எத்தனை வேஷம் வேண்டும்! ஒரு உளுந்துகூட ஒதுக்க வேண்டாம்.

"சரி யத்த, போலீஸ் சுத்திட்டா அவன் எப்படித் தப்பிப்பான்?" என்றான் பிள்ளை. அன்றைக்கு அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான்.

சொன்னேன். சீசன், ஞாயிற்றுக்கிழமை, மெயின் அருவி. கள்ளன் கூட்டத்துக்குள் இருக்கிறான் என்று போலீஸுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் மேலே மலையில் மழை. தண்ணீர் கலங்கி வருகிறது. சைரன் அடித்து, விசில் ஊதி, எல்லோரையும் வெளியே விரட்டுகிறார்கள். ஆயிரம் ஆம்பளைகள், எல்லோரும் இடுப்பில் ஒரு ஈரத் துண்டு, முகமெல்லாம் எண்ணெயும் தண்ணீரும். சட்டை இல்லை, மீசை படிந்துவிட்டது, யார் வக்கீல், யார் கொத்தனார் என்று தெரியாது. குற்றாலத்தில் நனைந்துவிட்டால் எல்லோரும் ஒரே முகம்தான். தேடி வந்த இன்ஸ்பெக்டரே ஒருவனைக் கைபிடித்துத் தூக்கிவிட்டு, "சீக்கிரம் போங்க அண்ணாச்சி, தண்ணி கூடுது" என்று அனுப்பி வைக்கிறார். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறான். அவன்தான்.

பிள்ளை ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டான். கடை வெளிச்சத்தில் நின்று போனில் அதை டைப் செய்தான். அவன் அப்பனும் இப்படித்தான், டூரிங் டாக்கீஸில் விளக்கு எரிந்ததும் எழுந்து நின்றுவிடுவான்.

போய்ப் பத்து நாள் ஆயிற்று. நேற்று ராத்திரி போன் வந்தது. தயாரிப்பாளர் தரப்பில் அருவிக் காட்சி ரொம்பப் பிடித்துவிட்டதாம். கேட்டு எனக்குத் தொண்டை அடைத்தது. "ஆனா யத்த..." என்று இழுத்தான். அவ்வளவு பெரிய கூட்டத்தை வைத்துக்கொண்டு, ஒரு சூடுகூட இல்லாமலா என்று கேட்கிறார்களாம். ஒரு நாலு பேரையாவது போட்டால்தான் டிரெய்லருக்கு ஆகுமாம்.

யாரைப் போடுவது? துண்டைப் பிழிந்துகொண்டு நிற்கிறவரையா? சைரன் சத்தத்துக்குப் பயந்து அம்மா காலைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஈரத்தலைப் பிள்ளையையா?